பிரவுசர் அப்டேட்: அவசியமா, ஆடம்பரமா?

மேல வைக்க வேண்டாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப் இருக்கு. மேல வச்சா பஸ்ஸு இறங்குத ஒவ்வொரு குழியிலயும் எகிறும், நாகர்கோயில் போய்ச் சேருத வரைக்கும் எனக்கு உசுரு கையில இருக்காது. நீங்களும் நாரோயில்தானா? நல்லதாப் போச்சு. சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க, எனக்கு எதுத்த காத்து ஆகாது.

ரிப்பேர்லாம் இல்ல. நல்லாத்தான் ஓடுது. ஒரு சின்ன மனக்குறை, அவ்வளவுதான். பிரவுசர்ல வலது கைப் பக்கம், மேல ஓரத்துல, அப்டேட் பண்ணுன்னு ஒரு பொத்தான் வரும்லா? முதல்ல பச்சையா வரும். கண்டுக்காம விட்டா ஆரஞ்சு ஆகும். அப்பவும் விட்டா சிவப்பாகும். வழக்கமா சிவப்பாகி ரெண்டொரு நாள்ல அதுவாப் போயிரும். இந்தத் தடவ போக மாட்டேங்கு. மருமக பிரசவத்துக்கு அவ அப்பா வீட்டுக்குப் போனதுல இருந்து சிவப்பாவே நிக்கு. வீட்டு ராசி அவகூடயே போயிட்டோ என்னமோன்னு என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "அப்ப அதத் தூக்கிட்டுப் போயி அவ கையில ஒரு தடவ குடுத்து வாங்கிட்டு வாங்க"ன்னுட்டா. அதான் போறேன். மருமகளப் பாத்த மாதிரியும் ஆச்சு.

என்ன சிரிக்கீங்க? ஓ, கம்ப்யூட்டர் கம்பெனியா? அப்ப உங்ககிட்டத்தான் இதச் சொல்லணும். இருங்க இருங்க, நீங்க சொல்ல வாரது எனக்குத் தெரியும். அத ஒரு அமுக்கு அமுக்கிருங்க சார்ம்பீங்க. உங்க வயசுல இருக்க எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. முதல்ல நான் சொல்லி முடிச்சிருதேன்.

என் பேரு ஆவுடையப்பன். வீடு பாளையங்கோட்டையில. ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்தேன், மில்ல மூடுத வரைக்கும். மெயின்டனன்ஸ்ல எங்களுக்கு ஒரே சட்டம். ஓடுற மிஷின்ல கை வைக்காத. அத இன்னும் நல்லா ஓட வைக்கேன், இத இன்னும் வேகமா ஓட வைக்கேன்னு ஒருத்தன் நிறுத்துவான். திருப்பி ஓட வைக்கதுக்குள்ள ஒரு ஷிப்டு போயிரும், நூலெல்லாம் அறுந்து தொங்கும். நான் அப்படி நிறுத்த விட்டதே கிடையாது. பழைய மிஷினா இருந்தாலும் கடைசி நாள் வரைக்கும் ஓடுச்சு.

இதுக்கும் அதே சட்டந்தான். நான் இந்தப் பிரவுசர மூடுனதே இல்ல தம்பி. திறந்த பக்கம் திறந்தபடி இருக்கும். ஒண்ணுல பஞ்சாங்கம், ஒண்ணுல நாதஸ்வரம், ஒண்ணுல பாபநாசம் அணையில தண்ணி எவ்வளவு நிக்குங்கற விவரம், இன்னும் என்னென்னமோ வரிசையா இருக்கும். வேல முடிஞ்சா மூடியக் கவுத்துவேன், தூங்கிரும். திறந்தா முழிச்சுக்கிடும். அப்டேட்னா என்ன? பிரவுசர மூடித் திறக்கச் சொல்லுதான். ஓடுறத நிறுத்துத கதைதான். வருசக்கணக்கா நான் ஒரு அப்டேட் பண்ணுனது கிடையாது. ஒரு வைரஸ் வந்திருக்கா? ஒரு திருட்டு நடந்திருக்கா? கல்லு மாதிரி ஓடுது.

முந்தியெல்லாம் அந்தச் சிவப்புப் பொத்தான் மாசக்கணக்குல நின்னு உயிர வாங்கும். பகவதி எங்க வீட்டுக்கு மருமகளா வந்த பொறவுதான் அது அடங்குச்சு. சிவப்பாகும், காணாமப் போகும். சில சமயம் பச்சையிலயே பின்வாங்கிரும். நாம உறுதியா நின்னா அதுக்கே வெட்கமாயிருது போல. மருமக கால் வச்ச ராசின்னு நான் சொல்லாத ஆள் கிடையாது. அவகிட்டயே சொல்லுவேன். "ஆமா மாமா"ன்னு சிரிச்சுக்கிடுவா.

நல்ல பிள்ள தம்பி. வீட்டுல இருந்தே ஏதோ கம்பெனிக்கு வேல பாக்கா. நான் காலையில கோயிலுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள என் லேப்டாப்ப எடுத்துத் துடைச்சு வச்சிருப்பா. வந்து தொட்டா கதகதன்னு இருக்கும், எங்க ரூம்புக்கு அப்படி ஒரு கெழக்கு வெயில். என் மகன் சைலம், நான் பெத்த பிள்ள, ஒரு நாள் இதத் துடைச்சிருப்பானா?

பகவதியோட அப்பா பேரு தாணுமாலயன். வடசேரியில மின்விசிறி, மிக்சியெல்லாம் விக்கிற கடை வச்சிருந்தாரு. இப்ப கடைய அவரு தம்பிகிட்ட விட்டுட்டு வீட்டுல இருக்காரு. சம்பந்தின்னா பொதுவா ஒரு எட்டு தள்ளி நின்னுதான பேசுவாங்க? நாங்க அப்படி இல்ல. தினம் போன் பேசுவோம். காலையில என்ன பலகாரம்னு ஆரம்பிச்சா சட்னி வரைக்கும் விவரமாப் பேசிட்டுத்தான் வைப்போம். கம்ப்யூட்டர்ல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துக்கிடாது. அவரு அப்டேட் பைத்தியம். அப்டேட்னு எங்க எழுதியிருந்தாலும் ஒரு கும்பிடு போட்டு அமுக்கிருவாரு. எல்லாம் மக சொல்லிக் குடுத்ததாம். பகவதி கல்யாணத்துக்கு முந்தி அவங்க அப்பாவப் போட்டு அப்படிப் பாடாப் படுத்தியிருக்கா. எங்க வீட்டுக்கு வந்த பொறவு என் வழிக்கு வந்துட்டா. இன்னைய வரைக்கும் என்கிட்ட, மாமா அப்டேட் பண்ணுங்கன்னு ஒரு வார்த்த சொன்னது கிடையாது.

எங்களுக்குன்னு பேஸ்புக்ல ஒரு குழு இருக்கு. தாமிரபரணி மூத்தோர் கணினி மன்றம். நான்தான் அட்மின். ஞாயித்துக்கிழமைதோறும் அதுல பட்டிமன்றம் நடக்கும், எழுத்துலயேதான். ரெண்டு அணி, ரெண்டு தலைவர், ஒரு நடுவர். நடுவரு ரெஜினா டீச்சர், தூத்துக்குடியில ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. நடுவர் அவர்களேன்னு ஆரம்பிக்காம எழுதுனா அந்தக் கமெண்ட ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. சம்பந்திய நான்தான் குழுவுல சேத்து விட்டேன், வீட்டுல சும்மா இருக்காரேன்னு.

ஒரு வாரம் டீச்சர் தலைப்பு குடுத்தாங்க. பிரவுசர் அப்டேட் அவசியமா, ஆடம்பரமா? அவசியமே அணிக்குச் சம்பந்தி தலைவர். ஆடம்பரமே அணிக்கு நான். சம்பந்திங்க ரெண்டு பேரையும் எதிரெதிர நிறுத்துனா சுவையா இருக்கும்னு அவங்களுக்கு ஒரு யோசனை. கல்யாணமே பண்ணிக்கிடாதவங்க, சம்பந்தி விவகாரம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் பிரமாதமா இருந்துது. சம்பந்தி எழுதுனாரு: "நடுவர் அவர்களே, உங்கள் வீட்டுப் பூட்டு பழுதாகிவிட்டது என்று பூட்டுக்காரரே வந்து இலவசமாகப் புதுப் பூட்டு மாட்டித் தருகிறேன் என்கிறார். கதவைத் திறக்க மாட்டேன் என்பது அறிவுடைமையா?" நானும் விடல. "நடுவர் அவர்களே, பூட்டுக்காரர் வாரந்தவறாமல் வந்து கதவைத் தட்டினால் சந்தேகம் பூட்டின் மேல் வருமா, பூட்டுக்காரர் மேல் வருமா?"ன்னு போட்டேன். கைதட்டல் பொம்மையாக் குமிஞ்சுட்டு தம்பி. அம்பாசமுத்திரத்துல ஒருத்தரு, ராகு காலத்துல அப்டேட் பண்ணலாமா கூடாதான்னு நடுவுல ஒரு சந்தேகம் கேட்டாரு. அதுக்கு ஒரு நாள் பூராவும் போச்சு. ஒரு அம்மா தினம் ரோஜாப்பூ வச்சு காலை வணக்கம் போடுவாங்க. அந்தப் பூ எங்க அணிக்குத்தான்னு ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடுனோம்.

எங்க பட்டிமன்றம் எல்லாம் அன்னைக்குச் சாயங்காலமே முடிஞ்சிரும். இது முடியல. அடுத்த ஞாயிறு, அதுக்கும் அடுத்த ஞாயிறுன்னு ஓடுது. மார்க்கெட்டுல பாக்கவங்க எல்லாம், அண்ணாச்சி நீங்க ஆடம்பரம்தானன்னு கேக்காங்க. டீச்சரும் தீர்ப்பத் தள்ளி வச்சுக்கிட்டே போனாங்க. அவங்களுக்கும் பொழுது போகணும்லா.

போகப் போகக் கொஞ்சம் காரம் ஏறிட்டு. நான் என்ன பண்ணுவேன், சூடா ஒண்ணு எழுதி வச்சிட்டு, கோயிலுக்குப் போயிட்டு வந்து போடலாம்னு விட்டுட்டுப் போவேன். வந்து பாத்தா எழுதுனது இருக்காது. பகவதிகிட்டக் கேட்டா, "நெட்டு விட்டு விட்டு வருது மாமா"ம்பா. சரி, போனது நல்லதுக்குத்தான்னு நானும் விட்டுருவேன். இப்படிப் பல தடவ ஆயிருக்கு.

ஒரு நாள் மட்டும் நெட்டு நல்லா இருந்துட்டு. அன்னைக்குப் பகவதி ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. ஆமா, சொல்ல மறந்துட்டேன், அதுக்குள்ள அவ மாசமா இருந்தா. கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கேன், எழுதுனது அப்படியே இருக்கு. போட்டுட்டேன். "பழைய மின்விசிறிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்றவர்களுக்கு அப்டேட்டின் அருமை தெரியாமலா போகும், நடுவர் அவர்களே?" விளையாட்டுக்குத்தான தம்பி? அதுல என்ன இருக்கு? நூறு பேருக்கு மேல சிரிப்புப் பொம்மை போட்டாங்க.

அதுக்கு அந்த மனுசன் என்ன எழுதுனாரு தெரியுமா? "பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவர்களால்தான் ஊரில் சில மில்களே மூடப்பட்டன." எப்படி இருக்கு பாருங்க. விளையாட்டுல போயி மில்ல இழுக்கலாமா? எத்தன குடும்பம் சோறு தின்ன இடம். சண்டைய ஆரம்பிச்சது அவருதான், அதுல யாருக்கும் சந்தேகமே வேண்டாம்.

போன் நின்னு போச்சு. காலையில இட்லி சாப்பிட்டாலும் யாருகிட்டச் சொல்ல? தோசை சாப்பிட்டாலும் யாருகிட்டச் சொல்ல? ஆனா நான் அசையல. அவரும் அசையல.

இதுக்குள்ள வளைகாப்பு வந்துட்டு. எங்க வழக்கத்துல வளைகாப்பு மாப்பிள்ள வீட்டுல நடக்கும். அது முடிஞ்சதும் பொண்ணோட அப்பா முன்னால நின்னு மகளக் கூட்டிட்டுப் போகணும். அப்பா இல்லாதவங்களுக்குத்தான் மாமனோ சித்தப்பாவோ வருவாங்க. அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கையில வேற ஆள் வந்தா ஊரு நாலு விதமாப் பேசும். பேச்ச விடுங்க, அந்தப் பிள்ளைக்கு மனசு என்ன பாடுபடும்? சம்பந்தி என்ன பண்ணுனாரு, எங்க வீட்டம்மாவுக்குச் சேதி அனுப்புனாரு. என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் வந்து கூட்டிட்டு வருவாங்க, என்னை எதிர்பாக்க வேண்டாம்னு.

வளையல் எடுக்கப் போவம்மான்னு செண்பகம் கூப்பிட்டா, பகவதி "பொறவு போவோம் அத்த"ங்கா. செண்பகம்தான் எங்க வீட்டம்மா. அவ என்கிட்டப் பேச்ச நிறுத்திட்டா. சாப்பாடு மட்டும் வரும், அதுலயும் உப்பு இருக்காது. ஏட்டி உப்பு இல்லியேன்னா, செவத்தப் பாத்து, "உப்பு ஆடம்பரம்"ம்பா.

ஒரு நாள் பகவதி வந்து நின்னா. "மாமா, நீங்க ஒரு போன் போட்டா அப்பா வந்துருவாங்க"ன்னா. நான் சொன்னேன், "ஏம்மா, நான் போட மாட்டேன்னா சொல்லுதேன்? மில்லப் பத்தி எழுதுனத அவரு முதல்ல எடுக்கட்டும். எடுத்த நிமிசம் நான் போடுதேன்." அவ லேப்டாப்ப எடுத்து முந்தானையால துடைச்சா. வயித்தத் தள்ளிக்கிட்டு அவ துடைச்சது இப்பவும் கண்ணுல நிக்கு. எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா தலைவர்னு ஒரு பொறுப்பு இருக்குல்லா, விட்டுக் குடுக்க முடியல.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில குழுவத் திறந்தா, தாணுமாலயன் பேர்ல ஒரு மூட்டுவலித் தைலம் விளம்பரம். அடுத்தாப்புல கூலிங் கிளாஸ். அதுக்கு அடுத்தது ஒரு லேகியம் தம்பி, அது எதுக்கு உள்ளதுன்னு பஸ்ல வச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் இவரு வேட்டி சட்டையில சிரிச்சுக்கிட்டு இருக்க படத்தோட வருது. ரெஜினா டீச்சருக்கே தனியா ஒரு லேகியம் போயிருக்கு.

என்னன்னா, நாதஸ்வரம் கேக்குத ஒரு பக்கத்துல ஒரு பெட்டி வந்திருக்கு. உங்க பிரவுசர் பழசாயிட்டு, பாதுகாப்பு அப்டேட்டுக்கு இங்க அமுக்குங்கன்னு. அது திருட்டுப் பெட்டி. நம்ம ஆளு அப்டேட்ங்கற வார்த்தையப் பாத்தா விடுவாரா, அமுக்கிட்டாரு. அமுக்குனதோட அவரு கணக்கு கள்ளன் கைக்குப் போயிட்டு. அதே பக்கத்துல எனக்கும் அதே பெட்டி வந்துது தம்பி. நிசமான அப்டேட்டையே அமுக்காதவன், இதையா அமுக்குவேன்?

குழு கொண்டாடுது. அவசியமே தலைவர் லேகியம் விக்காருன்னு ஒருத்தர், பாதுகாப்பு எப்படி இருக்கு அண்ணாச்சின்னு ஒருத்தர். எல்லாரும் என்னக் கூப்பிடுதாங்க, ஆவுடையப்பன் அண்ணாச்சி வாங்க, வந்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. டீச்சரும் எழுதிட்டாங்க: "இன்று தீர்ப்பு. ஆடம்பரமே அணித் தலைவர் தமது இறுதி வாதத்தை வைக்கவும்." இத்தன மாசம் காத்துக் கிடந்த நேரம். உக்காந்து அடிக்க ஆரம்பிச்சேன். "நடுவர் அவர்களே, காலம் பதில் சொல்லிவிட்டது." என்ன ஒரு தொடக்கம்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. கை தானா ஓடுது.

அடுத்த ரூம்புல பகவதி போன்ல அவங்க அப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தா. போன ஸ்பீக்கர்ல போட்டு வச்சிட்டு, அதத் திறங்கப்பா, இத மாத்துங்கப்பான்னு கணக்கத் திரும்ப வாங்க வழி சொல்லுதா. நடுவுல அவரு குரல் கேட்டுச்சு. "எம்மா, நான் வளைகாப்புக்கு வரலாம்னுதாம்மா இருந்தேன். சட்டையெல்லாம் தேச்சு வச்சிருந்தேன். ஊரே சிரிக்கி. இனி அந்த வீட்டு வாசப்படியில எந்த மூஞ்சியோடம்மா வந்து நிப்பேன்?" அந்த மனுசன் அழுதாரு தம்பி. வடசேரியில கடைவச்சு நாலு பேர அதட்டி வேல வாங்குன மனுசன், மககிட்ட ஏங்கி ஏங்கி அழுதாரு. இவளும், "அழாதீங்கப்பா, எல்லாருக்கும் வாரதுதான்ப்பா"ன்னு சொல்லிக்கிட்டே அழுதா.

எனக்கு விரல் ஓடல. மில்ல மூடுன அன்னைக்கு நான் நேர் தெரு வழியா வீட்டுக்கு வரல, தெரியுமா? பின் தெரு வழியா வந்தேன். எதுக்க வாரவன் என்னாச்சு சார்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்லன்னு பயம். கொஞ்ச நாள் டீக்கடைக்குக் கூடப் போகல. அந்த மூஞ்சிய நான் போட்டுப் பாத்திருக்கேன் தம்பி. அத இன்னொருத்தனுக்கு, அதுவும் என் பேரப்பிள்ளையோட தாத்தாவுக்கு, நான் மாட்டி விடலாமா?

அடிச்சதெல்லாம் அழிச்சேன். புதுசா எழுதுனேன். "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அழுத்திய அந்தப் போலிப் பெட்டி இருந்த பக்கத்தை, நல்ல நாதஸ்வரம் என்று அவருக்கு அனுப்பியவன் நானே. பழைய பிரவுசர் வைத்திருந்ததால் என்னால் போலியை அடையாளம் காண முடியவில்லை. நம்பி அனுப்பினேன், அவரும் என்னை நம்பித் திறந்தார். தவறு முழுவதும் என்னுடையது. ஆகவே அப்டேட் அவசியமே." இதுல ஒரு வார்த்த நிசம் கிடையாது. பேச்சுவார்த்தையே இல்லாத ஆளுக்கு நாதஸ்வரமா அனுப்புவேன்? ஆனா கண்ண மூடிக்கிட்டு அமுக்கிட்டேன்.

அவ்வளவுதான், எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. என் அணிக்காரனே, அணியக் கவுத்துட்டீங்களே அண்ணாச்சின்னு திட்டுதான். அம்பாசமுத்திரத்துக்காரரு, அனுப்புன நேரம் ராகு காலமான்னு கேக்காரு. டீச்சர் தீர்ப்பு எழுதிட்டாங்க. அவசியமே அணிக்கு வெற்றி, ஆடம்பரமே அணித் தலைவரோட நேர்மைய மன்றம் பாராட்டுதுன்னு. நேர்மைய.

பகவதி காப்பி கொண்டுட்டு வந்தா. போன்ல பாத்திருக்கா போல, கண்ணெல்லாம் சிவந்து இருந்துது. "மாமா, நீங்க அப்பாவுக்கு எதுவும் அனுப்பலியே"ன்னா. அனுப்புனேம்மா, உனக்குத் தெரியாதுன்னேன். "இல்ல மாமா, உங்க பிரவுசர் ஒண்ணும்…"ன்னு என்னமோ ஆரம்பிச்சா. நான் குறுக்க விழுந்து, "பழசுதாம்மா, அதான் ஊரறிய ஒத்துக்கிட்டேனே"ன்னேன். அவளுக்கு அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துட்டு. எதுக்குச் சிரிச்சாளோ. அன்னைக்கு மத்தியானம் சாம்பார்ல உப்பு இருந்துச்சு.

வளைகாப்பு அன்னைக்கு வாசல்ல கார் வந்து நிக்கு. முதல்ல கட்டுச்சோத்துத் தூக்குவாளி இறங்குது, அப்புறம் சம்பந்தியம்மா இறங்குதா, அப்புறம் அவரு. தேச்ச சட்ட. பகவதி மணையில உக்காந்திருக்கா, ரெண்டு கையிலயும் வளையல் ஏறிக்கிட்டு இருக்கு. அப்பாவப் பாத்ததும் அவ முகத்த நீங்க பாத்திருக்கணும் தம்பி. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

அவரு நேரா என்கிட்ட வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்தாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பந்தல் துணியவே பாத்துக்கிட்டு இருந்தோம்.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு எதுவும் அனுப்பலியே"ன்னாரு.

"அனுப்புனேன். உங்களுக்கு ஞாபகம் இல்ல."

"நாம பேசாம இருந்த சமயம்லா அது."

"கோவத்துலதான் அனுப்புனேன்."

அவரு தட்டுல இருந்து சந்தனத்த எடுத்து என் முழங்கை வரைக்கும் தடவி விட்டாரு. கலியாணத்துக்குக் கூட யாரும் எனக்கு அவ்வளவு சந்தனம் பூசுனது இல்ல. நான் காலையில என்ன பலகாரம்னு கேட்டேன். இடியாப்பம்னாரு. தேங்காப்பாலா சொதியான்னு கேட்டேன். அப்படியே பேச்சு ஓடிட்டு.

சாயங்காலம் கிளம்புனாங்க. எங்க வழக்கத்துல அன்னைக்குப் பொண்ணு சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது, திரும்பிப் பாக்கவும் கூடாது. பகவதி அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு நடையிறங்கி நேராப் போயிட்டா. வளையல் சத்தம் மட்டும் கார்க்கதவு சாத்துத வரைக்கும் கேட்டுச்சு. நான் உள்ள போயி அழுதுட்டேன். சொல்லுததுக்கு என்ன வெட்கம்?

மனசு ஆறதுக்குக் குழுவத் திறந்தேன். அப்பத்தான் வந்திருக்கு. தாணுமாலயன் எழுதியிருக்காரு, மக மீட்டுக் குடுத்த கணக்குல, கார்ல இருந்தே. "மன்றத்து நண்பர்களே, என் சம்பந்தி எனக்கு எதையும் அனுப்பவில்லை. அந்தப் பெட்டியை அழுத்தியது என் அவசரப் புத்தி. என் மகள் என்னோடு தலை நிமிர்ந்து வர வேண்டும் என்பதற்காக அவர் இல்லாத பழியை ஏற்றுக்கொண்டார். மில்லைப் பற்றி நான் எழுதியது பெரும் தவறு. நடுவர் அவர்கள் தீர்ப்பை மாற்ற வேண்டும். வெற்றி ஆடம்பரமே அணிக்கு."

திரும்பத் திரும்பப் படிச்சேன். இதுக்குத்தான தம்பி அத்தன மாசம் கெடையாக் கெடந்தேன்? அவரு வாயால, ஊரறிய, எழுத்துல, வெற்றி எனக்குன்னு. இன்னும் யாரும் பாக்கல. ரோஜாப்பூ அம்மா மட்டும் ஒரு பூவப் போட்டிருந்தாங்க, அவங்க எதையும் படிக்க மாட்டாங்க. நான் அட்மின்லா. அழிச்சுட்டேன்.

கொஞ்ச நேரத்துல போன் வந்துது. எத்தன மாசத்துக்குப் பொறவு அவரு பேரு என் போன்ல வருது.

"அண்ணாச்சி, நான் குழுவுல ஒண்ணு எழுதுனேன். காணலியே."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"எழுதுனேன் அண்ணாச்சி. பகவதிகூடப் பக்கத்துல இருந்து பாத்தா. இப்ப இல்ல."

மனசுல பட்டதச் சொன்னேன். "உங்க பிரவுசர் பழசாயிருக்கும் அண்ணாச்சி. அப்டேட் பண்ணிப் பாருங்க."

கார் ஓடுற இரைச்சல் மட்டும் கேக்கு. பொறவு "பண்ணுதேன் அண்ணாச்சி"ன்னாரு.